என் தானத்துக்கு நானே அழைக்கிறேன்

கம்புறுப்பிட்டிய
20 ஜனவரி 1999

என் கண்ணே கல்யாணி,

மும்மணிகளின் காவல் உன்னைச் சூழட்டும். முதலில் சந்தோஷச் செய்தி: எனக்கு நாள் குறித்தாகிவிட்டது! பயப்படாதே, சாவுக்கு அல்ல. அதை மாத்தறை டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. நான் செத்தபின் எனக்காகப் பிக்குகளுக்குச் சோறிட்டுக் கொடுக்கவேண்டிய தானத்தை, உயிரோடு இருக்கும்போதே நானே கொடுக்கப்போகிறேன். மார்ச் மாத முதல் பௌர்ணமிப் போயாவன்று!

“உங்கட தானத்தில நீங்களே பரிமாறப் போறீங்களா?” என்று நம் விகாரையின் பெரிய பிக்கு, தேரர், சிரித்தார்.

“வேற ஆர் சமைச்சாலும் உப்புக் கூடிடும், சாது” என்றேன். வயிற்றுக் கட்டியும் சேர்ந்து குலுங்கியிருக்கும், அப்படிச் சிரித்தேன்.

உன் அத்தான்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். எனக்கோ கல்யாண வீடு மாதிரி கை கால் பரபரக்கிறது. பிஞ்சுப் பலாக்காய்க் கறி, தயிர், அதன்மேல் ஊற்றக் கித்துள் மரத்துப் பாணி. பிரேதத்தின் மேல் விரித்துப் பிக்குவுக்குக் கொடுக்கும் வெள்ளைத் துணியைக்கூடக் கடையில் நானே தடவிப் பார்த்து எடுத்தேன். நீயும் வாயேன்டி.

உன் அக்கா
யசவதி

நாப்போலி
4 பெப்ரவரி 1999

அக்கா,

உனக்கு விசரா? உயிரோடு இருக்கிறவளுக்குச் சாவுத் தானமா? அத்தான் என்ன வாய் பார்த்துக்கொண்டா இருக்கிறார்? இங்கே இத்தாலியில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். உன் வைத்தியக் கடதாசிகளை அனுப்பு, நான் விசாரிக்கிறேன்.

நான் எப்படி வருவது? இன்னும் வதிவிட அனுமதி வரவில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இங்கே சம்பளத்துக்கு நான் பார்க்கும் கிழவிகள் சாகும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டு சாகிறார்கள். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கை கொடுத்துவிட்டு, உனக்குக் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தானத்தை நிறுத்து.

கல்யாணி

கம்புறுப்பிட்டிய
5 மார்ச் 1999

என் கோபக்காரத் தங்கையே,

நிறுத்தவில்லை! நடந்தது, எவ்வளவு நன்றாக நடந்தது தெரியுமா? வேலிச் சண்டைக்காரி பியசீலி இருக்கிறாளே, அவளை நானே போய்க் கூப்பிட்டேன். தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டாள். “சாகப் போறவ மாதிரியா இருக்கிறா? என்னை விட ஷோக்கா உடுத்திருக்கிறாளே!” என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னாள்.

வெள்ளைத் துணியை என் கையாலேயே தேரரிடம் நீட்டினேன். கிண்ணத்தில் நீர் வழிய வழிய ஊற்றி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் புண்ணியத்தைக் கொடுத்தேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும், பெட்டி கட்டி முடித்துப் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் இருந்தது.

ஒரே குறை. கடைசி நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்து நான் செய்த நல்லதையெல்லாம் நினைவுபடுத்த வேண்டும், அழக்கூடாது என்றார் தேரர். உன் அத்தானைப் பழக்கிப் பார்த்தேன். “யசவதி, நீ...” என்கிறார், அதோடு மூக்கைச் சிந்துகிறார்!

இப்போது கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. அதனால் என்ன.

யசவதி

நாப்போலி
17 மார்ச் 1999

அக்கா! அக்கா!

அனுமதி வந்துவிட்டது! தெருவிலேயே கத்திவிட்டேன், கிழவி ஜன்னலைத் திறந்து ஏசினாள். விமானச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின நாள் உன் தலைமாட்டில் இருப்பேன். அத்தானைத் தள்ளி உட்காரச் சொல். நான் அழமாட்டேன், இது என் தொழில். பத்து வருஷம் அக்கா! என்னை அடையாளம் தெரியுமா உனக்கு? குண்டாகிவிட்டேன்.

உன் கல்யாணி

கம்புறுப்பிட்டிய
1 ஏப்ரல் 1999

கல்யாணி,

எழுதுவது அத்தானின் கை, சொல்வது நான்.

உன் கடிதம் வந்த அன்று இரண்டு பிடி சோறு சாப்பிட்டேன். அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். எந்தச் சேலை கட்டி உன்னை எதிர்கொள்வது என்று பெட்டியைக் கிளறவைத்தேன். அடுத்த நாள் விடிந்தபோது பயம் வந்துவிட்டது. இதுவரை வராத பயம். எனக்குச் சாகப் பிடிக்கவில்லையடி. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறேன். கட்டின பெட்டி முழுவதும் அவிழ்ந்துவிட்டது.

தேரரிடம் சொன்னேன். “வரச் சொல்லுறதும் வேணாமெண்டுறதும் உங்கட விருப்பம். மனம் எதில லேசாகுதோ அதைச் செய்யுங்கோ” என்றார்.

நீ உள்ளே வந்தால் உன் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். அப்படிப் பற்றை விடாமல் கட்டிக்கொண்டே போக எனக்குப் பயம். வராதே, தங்கம். பிறகு வா.

உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அதனால்தான்.

யசவதி

நாப்போலி
10 ஏப்ரல் 1999

அன்புள்ள அத்தான்,

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் உங்கள் எல்லோர்மேலும் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. கீழே உள்ளதை அக்காவின் காதருகே மெதுவாக வாசியுங்கள். நடுவில் மூக்கைச் சிந்தாதீர்கள்.

அக்கா, எண்பத்தொன்பதில், அந்தக் கிளர்ச்சி நாட்களில், பாலத்தடியில் ஒரு பையன் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தான். தொட்டால் தங்களையும் பிடிப்பார்கள் என்ற பயத்தில் யாரும் கிட்டப் போகவில்லை. நீ உன் கல்யாணச் சேலையைக் கொண்டுபோய் அவன்மேல் போர்த்திவிட்டு வந்தாய். “ஆரோ பெத்த பிள்ளை” என்று மட்டும் சொன்னாய். அதை நினை. அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் ஒரு நாள்கூட அவளைக் கடிந்து பேசாததை நினை. பியசீலி தேங்காயோடு வந்ததை நினை.

எனக்கு இங்கே குறையில்லை. வாசலில் ஆட்டோ எதுவும் வராது, தலையைத் தூக்க வேண்டாம்.

“போய்ட்டு வா” என்றுதான் நம் வீட்டில் வழியனுப்புவோம். வாய் வரை வருகிறது, சொல்லமாட்டேன்.

போ, அக்கா.

கல்யாணி