பொன்னுத்தாய் கூரை மேய்ந்த சேதி

ரெட்டியபட்டி
12-9-1949

அன்புள்ள மகன் ஞானராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். கொழும்பில் நீயும் மருமகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. மழைதான் ஏமாற்றும் என்று இருந்தேன், பெற்ற பிள்ளையும் ஏமாற்றுவான் என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ அக்கா என்று கூப்பிடுவாயே, கண்டித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் பொன்னுத்தாய், அவள் போன வாரம் மகளும் மூட்டை முடிச்சுமாக வந்து சேர்ந்தாள். குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன துரைமார் கம்பெனியை எதிர்த்து அவளும் புருஷன் இருளப்பசாமியும் கோர்ட்டுக்குப் போனார்களாம். அங்கே கறுப்பு அங்கியில் உன்னைப் பார்த்ததும், டீச்சரம்மா மகன் வந்திருக்கு, இனிப் பயமில்லை என்று புருஷனிடம் சொன்னாளாம். நீ கம்பெனிக்காகப் பேச எழுந்தாயாம். அவளிடம் இங்கிலீஷில் கேட்டாயாம், அதை வேறொருவன் தமிழில் சொன்னானாம். கோர்ட்டு வழக்கம் என்பாய், இருக்கட்டும். "தம்பி என்னய ஏறிட்டே பாக்கல டீச்சரம்மா" என்றாள். அதைவிடக் கொடுமை நீ கேட்ட கேள்விகள். போன வருஷம் ஊருக்குப் போய்க் கூரை மாற்றி மேய்ந்தாயா, மகளுக்குக் குலசாமி கோயிலில் காது குத்தினாயா, தகப்பன் பங்குக் கரிசல் காட்டை உன் பேருக்கு எழுதிக்கொண்டாயா. அவள் உள்ளதைச் சொன்னாள். இந்தியாவில் வீடும் காடும் உள்ளவள், இலங்கையில் நிலைத்த குடியல்ல என்று தீர்ப்பாகி லயத்து வீடும் போய்விட்டது. பிறந்த வீடு ஒழுகினால் மேயாமல் விடுவாளா? துரைக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று தோட்டத்துக் கங்காணியைத் திட்டித் தீர்க்கிறாள். எனக்குத் தெரியும். ஊர்ச் சந்தோஷம் உனக்கும் எட்டட்டும் என்று நான்தானே இதையெல்லாம் உனக்கு எழுதினேன்.

லண்டன் பாரிஸ்டர் பட்டம் இருந்தால் சென்னையிலும் நிற்கலாம், கொழும்பிலும் நிற்கலாம் என்று நீ சொன்னதை அப்பா சபையில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்தார். யார் பக்கம் நிற்பாய் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாய். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பொன்னுத்தாய் இப்போது என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். "தம்பி கூலிக்குப் பேசிருக்கும், மனசுல ஒண்ணும் இருக்காது. மேல்கோர்ட்டுல நமக்காகப் பேசச் சொல்லி எழுதுங்க" என்கிறாள். நான் இவ்வளவு எழுதுவதைப் பார்த்து, தனக்காக மன்றாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். கேட்பதும் கேளாததும் உன் பாடு.

மாசமாயிருக்கிற மருமகளைப் பாரம் தூக்க விடாதே. கர்த்தர் உங்களைக் காப்பாராக. இனி என் கடிதத்தில் நாங்கள் சுகம் என்பது மட்டும் இருக்கும். யார் வந்தார்கள், யார் வீடு மேய்ந்தார்கள், எந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று ஒன்றும் எழுத மாட்டேன். நீயும் கேட்காதே.

உன் அம்மா,
சவுந்தரம்