குட்டிக் காளான்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

மழை விட்டதும் அம்மா வீட்டு வயல் பக்கம் காளான் பறிக்கப் போனோம். கரையான் புற்றின் மேல் குடை குடையாகப் பெரிய காளான்; அதன் அடியில் அரிசி சிந்தினாற்போல் குட்டிக் காளான். குட்டியில் நான் கை வைத்ததும் என் வீட்டுக்காரர், ஏரியில் வலை போட்டு மீன்குஞ்சைத் திருப்பி விடுகிற புத்தியைக் காட்டிவிட்டார்.

"குஞ்சும்மே அது! உட்டா வளரும்."

"இது வேற ரகம்யா. இவ்ளோதான் வளரும். இத்துனூண்டு சென்னாக்குனி வளந்து பெரிய இறாலா ஆவுமா?"

உடனே அவரும் குனிந்து பறிக்க ஆரம்பித்தார்.

ராத்திரி குட்டிக் காளான் குழம்பில் எனக்கு ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. பெரிய காளானை என் தட்டில் தள்ளிவிட்டு, "வளர்ற புள்ள நீ, பெருச துன்னு" என்கிறார். கொழுப்பைப் பார்!