ஹனா குடிக்கிறாவில்ல

வெள்ளி ராவு.

இண்டைக்கி மெட்ச்சே பார்க்கல்ல. கலியாண வீட்டில கூடப் பிறந்த ராத்தாட மகள் ஹனா, சின்னாக்களோட ஒரே சஹன் தட்டில சாப்பிடக் குந்தினா. ஒரு வாய் வெச்சதும் துப்பிட்டு அழுதா. "உறைப்பு" எண்டாங்க உம்மா. நான் அவட கையை விரிச்சுப் பார்த்தா, உள்ளங்கையெல்லாம் கொப்புளம்! உடனே தட்டடியிலிருந்து தூக்கிட்டன். "மாமா கூடாது!" எண்டு கத்தினா, பாவம். மற்றப் புள்ளைகள்ட உம்மாமாருக்கு, புள்ளைகள்ட கையையும் பாருங்க எண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டன்.

"கை, கால், வாய் நோய். வைரஸ், தானா மாறும்" எண்டார் டொக்டர். "ஆனா குடிக்கணும். ஒண்ணுக்குப் போகாட்டி உடனே கொண்டு வாங்க."

பின்னேரத்திலிருந்து போகவேயில்ல. தண்ணியக் கண்டாலே வாயைப் பொத்துறா. குளிர் இளநீரைக் கரண்டியால சொட்டுச் சொட்டாக் குடுத்தன். மடியிலயே தூங்கிட்டா.

இப்ப என்ட புது ஜேர்சியெல்லாம் மூத்திரம். அல்ஹம்துலில்லாஹ்! ராத்தா அழுதுகொண்டே சிரிக்கிறா. புள்ள எழும்பிடும் எண்டு அசையாம, ஒரு கையாலதான் டைப் பண்ணுறன்.