கண்ணைப் பொத்திச் சொன்ன கிளைமாக்ஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

மஞ்சக்குப்பத்தில் எல்லோரும் நலம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீ பார்த்ததில்லையே, அவளுக்கு அப்படியே உன் மூக்கு.

நேற்று டிவியில் அந்தச் சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் போட்டார்கள். சின்ன வயதில் சிதம்பரத்தில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாயே, அதே இரண்டாம் பாகம்தான். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட தங்கை கடைசியில் தீக்குள் மாட்டிக்கொள்வாள். நான் அலறினேன். நீ என் கண்ணைப் பொத்திக்கொண்டு, வெடிச் சத்தத்துக்கு நடுவே காதில் சொன்னாய்: "அழுவாத பாப்பா, அண்ணங்காரன் உள்ள பூந்து தூக்கிக்கினு வந்துட்டான்."

இத்தனை வருஷமும் எனக்கு அதுதான் கிளைமாக்ஸ். நேற்று பார்த்தால், அவன் வாசல் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறான். அந்தப் பெயரில் வேறு படமும் உண்டோ என்று மகளிடம் கேட்டேன். "இது ஒண்ணுதாம்மா" என்கிறாள். என் கண்ணைத்தானே பொத்தினாய்? உன் கண் திறந்துதானே இருந்தது?

எனக்காகப் படத்தையே மாற்றிச் சொன்னவன் நீ. என் கல்யாணத்தன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல் வரை வந்துவிட்டு, நீயும் ஏன் அண்ணா அவனைப் போலவே திரும்பிப் போனாய்?

உன்
பாப்பா