வெட்டிப்போட்ட பத்தொன்பது வினாடி

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, காலை 9.20. பழைய அதிர்வு அளவியில் 214 கோப்புகள் இருக்கின்றன. 213 கம்ப்ரஸர்கள். ஒன்று நீ.

திங்கட்கிழமை புது அளவி வருகிறது. பழையதைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அழித்திருப்பேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே. உணர்கருவியின் அடியில் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருந்தது. அது என்னை நிறுத்தியது. இரும்பில் காந்தத்தால் ஒட்டுவோம். மெழுகு வைத்து ஒட்டியது ஒரே ஒரு தடவை, மரத்தில். நீ செய்த மேளத்தின் வளையத்தில்.

இயந்திர எண் இல்லாத கோப்பைத் தேடினேன். ஒன்றுதான் இருந்தது. 312 வினாடி. வரைபடத்தைத் திறந்தேன். ஏறத்தாழ வினாடிக்கு ஓர் அடி, ஆனால் சமமாக இல்லை. இடையில் ஓர் இடைவெளி, பிறகு மறுபடி அடி. எந்த மோட்டாரும் மூச்சு வாங்க நிற்காது.

நாம் சந்தித்த முதல் நாளே உன்னிடம் நக்கலாகத்தான் ஆரம்பித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ போனவன், அங்கிருந்து வடதுருவப் பக்கம் நூனவுட்டில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தவன், இப்போது இங்கே மவுண்ட் வெல்லிங்டனில் என்னோடு குளிர்கிடங்கு பழுது பார்க்க வந்திருக்கிறான் என்று சொன்னார்கள்.

"ஐஸ்லயே வாழுற ஊர்ல ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கா? யார்டா உன்ன வேலைக்கு எடுத்தது?"

"வெளியில மைனஸ் நாப்பது மச்சான். ஹீட்டர் நிண்டா ஆள் சரி. கோடையில இறைச்சி பழுதாப் போகாம ஊருக்கே பொதுவா ஒரு ஃப்ரீசர். ரெண்டையும் நான்தான் பாத்தனான். நீ மதுரையில ஃபேன் போட்டுக்கொண்டு படுத்திருந்தனீ."

அந்த ஊர் மண்டபத்தில் நீ பார்த்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாய். இனுயிட் மக்களின் கைமேளம், கிலாவுட். முறம் அளவுக்குப் பெரிய வட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், ஒரு கைப்பிடி. அதை மண்டபத்தின் நடுவில் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். யாராவது எழுந்து அதை எடுக்கும்வரை காத்திருப்பார்கள்.

"எவ்ளோ நேரம்?" என்று கேட்டேன்.

"எழும்பும் வரைக்கும்."

"யாருமே எழுந்திரிக்கலன்னா?"

"எழும்புவினம். நீ ஒருக்காப் பேசாம இருந்து பாரன்."

எனக்கு அது புரியவில்லை. நிகழ்ச்சிநிரல் இல்லையா, பெயர் கூப்பிட ஆள் இல்லையா? நீ சிரித்தாய். எழுந்தவன் முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, மேளத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி ஆடுவான் என்றாய். அவன் வாயைத் திறக்காமல் ஆட, பாட்டை அவன் மனைவி பாடுவாள். மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். சில ஊர்களில் ஆடுகிறவனே பாடுவதும் உண்டு. பாட்டு அவனுடையதாகவே இருக்கும், அவன் வாழ்க்கையில் நடந்தது. வீரப் பிரதாபம்தான் இருக்கும் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் தன்னைத்தானே கேலி செய்வதாம்.

அசல் மேளத்தைக் கொண்டு வந்தால் விமான நிலையத்தில் மான்தோலை விடுவார்களா என்று பயந்து, அதை டொராண்டோவில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாய். இங்கே மெல்லிய மரப்பட்டையை நீராவியில் வளைத்துப் புதிதாக ஒன்று செய்தாய். தோலுக்குப் பதில் கூடாரத்து நைலான். "அங்கயும் இப்ப நைலான் போடுகினம், முழிக்காத" என்றாய். கையில் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, நடுவில் ஓங்கி ஒரு தட்டு.

"டேய்! நடுவில அடிக்காத. விளிம்பில. கீழயிருந்து."

விளிம்பில் அடித்தால் மரம் தட்டும் சத்தம்தானே வரவேண்டும்? வரவில்லை. அடிவயிற்றில் ஏதோ நகர்ந்தது போல ஒரு ஆழமான ஒலி. எனக்குப் பொறுக்கவில்லை. எப்படி? வளையத்தை அடித்தால் முழுத்தோலும் ஒரே சமயத்தில் அசைகிறதா? மேளத்தைச் சுழற்றுவது காற்றை என்ன செய்கிறது? போன வருடம் ஜூலையில் ஒரு குளிர்கிடங்கில் மின்சாரம் போய் வந்த அன்று கேள்விக்கு நேரம் கிடைத்தது. கம்ப்ரஸர் எண்ணெய் சூடாகாமல் ஓட்டக்கூடாது. நான்கு மணிநேரம் சும்மா இருந்தாக வேண்டும். வேனிலிருந்து மேளத்தை எடுத்துவரச் சொன்னேன். வளையத்தில் மெழுகு வைத்து உணர்கருவியை ஒட்டினேன், அளவியை ஓடவிட்டேன், கைப்பேசியையும் பதிவில் போட்டேன்.

நம் ஃபோர்மன் ஹேமி, மாவோரி மனிதர், தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருடைய பாட்டு?" அதே நேரத்தில் நான் கேட்டது, "எத்தனை ஹெர்ட்ஸ் வருது?"

நீ அவருக்குத்தான் பதில் சொன்னாய். மேளத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, பாட்டுக்கு உரியவரின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாய். பாட்டுக்காரர், அந்த ஊரில் உனக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவரின் பெரியப்பா. பாடு, ஆனால் யாருடையது என்று முதலில் சொல்லிவிட்டுப் பாடு என்று அனுமதி தந்தவர். ஹேமி தலையாட்டினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டின் கதை மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. பனிக்கட்டியில் சீல் மூச்சுவிட வரும் துளையருகே ஒருவர் ஈட்டியோடு நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறார். கால் மரத்துப்போகிறது. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து முதுகை நெளிக்கிறார். அப்போதுதான் சீல் வந்து போகிறது. அயா, அயா என்று பல்லவி.

"உனக்கெண்டே கட்டின பாட்டு மச்சான்," என்றாய்.

அன்று மாலையே கைப்பேசிப் பதிவை உனக்கு அனுப்பினேன். சுத்தம் செய்துதான் அனுப்பினேன். முன்னால் இருந்த பத்தொன்பது வினாடிப் பேச்சை வெட்டிவிட்டு, அசலின் மேலேயே சேமித்துவிட்டு. ஐந்து நிமிடத்தில் நீ கூப்பிட்டாய்.

"பேர் எங்க?"

"எந்தப் பேரு?"

"பாட்டுக்காரற்ற பேர். முன்னுக்குச் சொன்னனான்."

"அதுவா? பேச்சுன்னு வெட்டிட்டேன்டா. பாட்டு சுத்தமா இருக்குல்ல?"

"அப்ப இது களவெடுத்த பாட்டு," என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. பழுது எங்கே என்று காட்டுகிற குரலில் சொன்னாய்.

"நாளைக்கு திரும்பச் சொல்லு, ஒட்டிடறேன்."

மறுநாள் நீ சொல்லத் தயாராக இருந்தாய், எனக்கு நேரமில்லை. அடுத்த வாரமும் கேட்டாய். "அப்புறம்டா" என்றேன். ஆறு வாரம் கழித்து ஒடாஹுஹு நிலையத்தில் பேருந்துக்கு நின்ற இடத்தில் உன் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்திரண்டு வயது. மருத்துவமனையில் உன் மனைவி சுபா என்னிடம் உன் பையைக் கொடுத்தாள். அதிலிருந்த உன் கைப்பேசியை எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். உன் வீட்டு வாடகை ஒப்பந்தம், விசா கடிதம், எல்லாவற்றுக்கும் நான் அலைந்தேன். அலைவது எனக்குச் சுலபம்.

இந்த மாதம் 23ஆம் தேதி உன் ஆண்டுத் திவசம். ஹில்ஸ்பரோவில் உங்கள் வீட்டில் ஐயர் வந்து செய்வதெல்லாம் முடிந்தபிறகு, மேளத்தை நடுவில் வைத்து உன் பாட்டைப் பாட வேண்டும் என்பது சுபாவின் ஆசை. அவளுக்குப் பாட்டு முழுக்கத் தெரியும். நீ ஆட, அவள்தானே பாடுவாள், சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து. பெயர் மட்டும் தெரியாது. அதைச் சொல்வது உன் வேலையாக இருந்தது. நீ சொல்லி முடித்த பிறகுதான் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள்.

போன மாதம் அவளிடம் நான் முட்டாள்தனமாக ஒன்று சொன்னேன்.

"பேரு இல்லாமலே பாடிடலாமே சுபா. ஹில்ஸ்பரோவுல யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள். "அவர் ஒருநாளும் பேர் சொல்லாமப் பாடேல்ல. நான் பாடமாட்டன்."

அசல் பதிவை மீட்க மூன்று மென்பொருள் போட்டுப் பார்த்தேன். இல்லை. ஹேமியிடம் கேட்டேன், கேட்டது ஞாபகம், பெயர் ஞாபகமில்லை என்றார். அவர் வருத்தப்பட்ட விதத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. உன் அக்காவுக்கு அந்த ஊரின் பெயர் தெரிந்திருந்தது. நான் அந்த ஊர் மண்டபத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டு வரி: சீல் துளைப் பாட்டு யாருடையது, உடனே தெரிவிக்கவும். பதில் இல்லை. இப்போது படித்துப் பார்த்தால், உதிரிப்பாகம் கேட்கிற கடிதம் மாதிரி இருக்கிறது.

இன்று காலை அந்த அதிர்வுக் கோப்பை ஒலியாக மாற்றினேன். முதலில் ஒன்றுமில்லை, நான் மெழுகை அழுத்தும் கரகரப்பு மட்டும். பிறகு நீ. மேளத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசியதால் நைலான் உன் குரலை வாங்கி வளையத்துக்குக் கொடுத்திருக்கிறது. இப்படி நடக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கம்ப்ரஸருக்காக வைத்த வேகத்தில் பதிவானதால் மேல் ஒலிகள் எல்லாம் போய்விட்டன. பக்கத்து அறையில் சுவருக்கு அந்தப்புறம் நீ பேசுவது போல இருக்கிறது. "டேய் மச்சான்" என்று என்னைக் கூப்பிட்டுத் தொடங்குவது உறுதி. அந்த ஏற்ற இறக்கம் வேறு யாருக்கும் வராது. அப்புறம் ஹேமிக்குச் சொன்ன பெயர். மூன்று அசை. முதல் இரண்டும் குறுக, மூன்றாவது நீள. எழுத்துகள் தெரியவில்லை, மூச்சு தெரிகிறது. பதினேழு தடவை கேட்டுவிட்டேன்.

பத்து மணிக்குச் சுபாவைக் கூப்பிட்டேன்.

"என்ன, பேர் கிடைச்சிட்டுதோ?"

"பாதி."

"பாதிப் பேரோ? அதென்ன கார்த்தி, அரை முட்டை மாதிரி?"

விளக்கினேன். வடிகட்டியால் இரைச்சலைக் குறைத்து, தேவையான இடத்தை மட்டும் எடுத்து அனுப்பவா என்று கேட்டேன்.

"வேண்டாம். கொண்டு வாங்கோ. வெட்டாமக் கொண்டு வாங்கோ."

உன் ஜன்னலோரத்தில் ஒரு கல் உருவம் இருந்தது, நினைவிருக்கிறதா? உள்ளங்கையளவு, மேளம் பிடித்து ஆடுகிற மனிதன். எங்கே வைத்தாலும் சாயும். அடிப்பாகத்தைச் சரியாகத் தட்டையாக்கவில்லை என்று நினைத்து, அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் பீடம் அச்சிட்டுக் கொண்டுவந்தேன். நீ பீடத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "வடிவா செய்திருக்கிறாய்," என்றாய். பிறகு உருவத்தை என் கையில் வைத்து என் விரல்களை மூடினாய். "இது நிக்கிறதுக்குச் செய்த சாமான் இல்ல மச்சான். பிடிக்கிறதுக்கு." கல் முதலில் குளிர்ந்திருந்தது. கொஞ்சநேரத்தில் இல்லை. பீடத்தில் நீ சாவி வைத்துக்கொண்டாய்.

என்னிடம் இன்னும் கேள்விகள் இருக்கின்றன. எழுந்திருப்பவனுக்கு எப்போது எழ வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? பாட்டுக்கு உரியவர் இப்போது இருக்கிறாரா? இருந்தால், நீ இல்லை என்பது அவருக்குத் தெரியுமா? அதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டாமா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு இன்று காலைதான் வந்தது. இத்தனை நாளும் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

மணி 10.50. இனிச் செய்ய வேண்டியவை:

1. 312 வினாடியையும் அப்படியே ஹில்ஸ்பரோ கொண்டுபோவது. சுபா எத்தனை தடவை கேட்டாலும் உட்கார்ந்திருப்பது.

2. கைப்பேசிப் பதிவை நான் அனுப்பிவைத்த மற்ற நான்கு பேரிடமும் அழிக்கச் சொல்வது. ஏன் என்றும் சொல்வது.

3. அந்த ஊர் மண்டபத்துக்கு மறுபடி எழுதுவது. முதலில் நான் யார், பிறகு நீ யார், நீ போய்விட்டாய் என்பது, பெயரை வெட்டியது நான் என்பது. கேள்வி கடைசியில். கூடவே முழுக் கோப்பு. உன் குரலையும் அந்தப் பெயரையும் பழகிய காதுகள் அங்கே இருக்கும்.

4. "உடனே" என்ற சொல்லை அதில் எழுதாமல் இருப்பது.

5. பெயர் வந்தால், அவரிடமோ அவர் வீட்டாரிடமோ சுபா பாடலாமா என்று கேட்பது. நீ வாங்கிய அனுமதி உனக்கு மட்டும்.

6. 23ஆம் தேதிக்குள் பெயர் வராவிட்டால், பாட்டு இல்லை. அடுத்த வருடமும் திவசம் வரும்.

7. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேளத்தைக் கூடத்தின் நடுவில் தரையில் வைப்பது. கைப்பேசியை வேனில் விட்டுவிட்டு வந்து, சுற்றி உட்கார்ந்து, காத்திருப்பது. யாரும் எழவில்லையென்றால் நான் எழுவேன். நடுவில் அடிக்க மாட்டேன்.