டிராம் பாதையில் நின்ற கார்

இன்று காலை மருமகள் குருமாவுக்குப் பட்டை இடித்தாள். அந்த வாசனை கூடம் வரை வந்ததும் கொழும்புப் புறக்கோட்டை நினைவுக்கு வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள், நண்பரே. நீங்கள் மறைந்த பிறகு இப்படித்தான், எதையாவது பிடித்துக்கொண்டு வருகிறீர்கள்.

நான் கார் ஓட்டக் கற்றது உங்கள் வண்டியில், காரமடைப் பாதையில், ஆளரவம் இல்லாத வேளைகளில். லைசென்சும் வாங்கினேன். ஆனால் கோயமுத்தூருக்குள் ஓட்டத் துணிவில்லை. பூகோளம் நடத்தியே தலை நரைத்தவன் நான். எந்தத் தெருவுக்குப் போனாலும் என்னிடம் படித்தவர் ஒருவராவது இருப்பார். நடுத்தெருவில் வண்டி நின்றுபோய் அவர்கள் சிரித்துவிட்டால்? உங்கள் பக்கத்து இருக்கையிலேயே என் காலம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பஞ்சு வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு நீங்கள் ஊர் பார்க்கக் கிளம்பியபோது என்னையும் அழைத்தீர்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, அக்கரையில் ரயில் பிடித்தோம். கொழும்பில் உங்கள் சிநேகிதர் தம் காரைக் கொடுத்தார். வண்டியின் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, நீங்கள் பின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

“ஏனுங்க, நீங்க ஓட்டலீங்களா?” என்றேன்.

“உங்ககிட்டப் படிச்ச பையன் ஒருத்தனும் இந்த ஊர்ல இல்லீங்க வாத்தியாரே. இங்க ஓட்டாம வேற எங்க ஓட்டப் போறீங்க? கடலோரமாப் போலாம், விடுங்க.”

கொழும்பின் வரைபடத்தை ஊரிலேயே படித்து வைத்திருந்தேன். ஆனால் படத்தில் தெருக்கள் சும்மா கிடக்கின்றன. இங்கே ரிக்‌ஷா ஓடுகிறது, கட்டை வண்டி குறுக்கே வருகிறது. மாடும் புகையும் இல்லாமல், மேலே ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டு டிராம் போகிறது. அதுவும் ரிக்‌ஷாவும் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவார்கள் என்று பார்க்கும் ஆசையில் என் திருப்பத்தைத் தவறவிட்டேன். நாற்சந்தியில் போலீஸ்காரர் கை காட்டினால் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். யார் கை தூக்கினாலும் நின்றேன். “அவரு போலீசு இல்லீங்க, கொட்டாவி விடறாரு” என்றீர்கள்.

புறக்கோட்டையில் வழி முற்றிலும் தப்பிவிட்டது. வண்டியில் உட்கார்ந்தபடி ஒருவரை வழி கேட்பது நம் பக்கத்தில் மரியாதையா? நிறுத்திவிட்டு இறங்கினேன். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, பட்டைக் கட்டுகள் அடுக்கியிருந்த ஒரு கடைக்குப் போய்க் கும்பிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். மணி கணகணவென்று அடித்தது. காரைத் தண்டவாளத்தின் மேலேயே நிறுத்தியிருக்கிறேன். அதன் மூக்கருகே ஒரு டிராம், அதற்குப் பின்னால் இன்னொன்று. டிராம்காரர் சிங்களத்தில் கத்தியது சொல்லாகப் புரியவில்லை, பொருள் நன்றாகவே புரிந்தது.

“ஏனுங்க, கோயமுத்தூருங்களா?” என்றார் கடைக்காரர்.

“எப்படீங்க தெரிஞ்சுது?”

“டிராமை நிறுத்திப்போட்டு, எறங்கி வந்து கும்பிட்டு வழி கேக்க வேற எந்த ஊர்ல ஆளிருக்குதுங்க? நானும் நம்மூரு உக்கடத்துக்காரன்தானுங்க. மொதல்ல வண்டிய எடுங்க. அப்படியே நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க, கடல் தெரியும்.”

யாருக்கும் என்னைத் தெரியாத ஊர் என்ற தைரியமும் அத்தோடு போயிற்று. ஓடிவந்து பார்த்தால் எஞ்சின் அணைந்திருந்தது. “நீங்க எடுத்துருங்க” என்று கெஞ்சினேன். நீங்கள் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தீர்கள். மறுபடி கூப்பிட்டேன். அசையவில்லை.

வேறு வழியில்லாமல் கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். சுழற்றினேன்; இருமிவிட்டு நின்றது. டிராமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடி சுழற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்து தண்டவாளத்தை விட்டு விலகினேன். டிராம் என்னைக் கடந்து போனபோது உள்ளே ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டும், வேறெதையோ பேசிக்கொண்டும் போனார்கள். ஒரு சிரிப்புக்கு ஆயுள் அவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

கடற்கரையில் நிறுத்தியதும் கண் விழித்து, “வந்துட்டமுங்களா?” என்றீர்கள். அத்தனை மணியோசையிலும் ஒரு மனிதர் தூங்க முடியுமா? திரும்பி வந்த கப்பலில் கேட்க நினைத்தேன். ஊரில் கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பீர்கள். இருந்தாலும் தெரிந்துகொள்ள இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது.

உங்கள் அஸ்தியைப் பவானிக்குக் கொண்டுபோக வேண்டிய அன்று உங்கள் மகன், “கலயத்த நான் வெச்சுக்கறனுங்க மாமா, நீங்க ஓட்டறீங்களா?” என்றான். கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தான். கடைவீதி வழியாக ஓட்டினேன். கடைகளில் இருந்த என் பழைய மாணவர்கள் எழுந்து நின்றார்கள். அங்கே, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுபோனது.

கைப்பிடியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.