கழலாத தலை

ஜனவரி 5, ஞாயிறு

பன்னிரண்டாம் தேதிக்குள் மைதானத்துப் புல்லை வெட்டி முடித்தால்தான் காணும் பொங்கலன்று பெண்கள் கபடி. இல்லையென்றால் அந்த நேரமும் ஆண்கள் வாலிபாலுக்கே. ஊர் கிளப் கமிட்டி முடிவாம். கமிட்டி என்றால் அருள்முருகன் மச்சான். அத்தை மகன்தான், அதற்காக இந்த நோட்டிலும் அவனுக்கு மரியாதை தர முடியாது.

வரப்போவது தொண்டி டீம். ஜெயசுதா!! ஒரே ரெய்டில் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருவாளே, அவள். அவளுக்கு ஃபேன் பேஜ் நடத்துவதே நான்தான், முன்னூற்றுப் பன்னிரண்டு ஃபாலோயர். அவள் கால் வைப்பதை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் நான் கபடியே கற்றேன். அவள் எங்கள் ஊர் மண்ணில், எனக்கு எதிரில்.

கிளப்பின் புல் வெட்டும் மிஷினை மச்சானே கொண்டுவந்து வைத்தான். கரண்ட் மிஷின். அடியில் உருண்டையாக ஒரு தலை, அதிலிருந்து நீளும் நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுக்கும். நரம்பு தீர்ந்திருந்தது. கேட்டேன்.

“யூடியூப்ல எல்லாம் படிச்சவளாச்சே, நீயே பாத்துக்க.”

பார்க்கிறேன்டா.

ஜனவரி 7, செவ்வாய்

எங்கள் கேப்டன் ராக்கு தங்கச்சிமடத்துச் சித்தி வீட்டிலிருந்து வெள்ளைத் தங்கூசி கொண்டுவந்தாள். வலை பின்னுகிற நரம்பு. அதுவும் நைலான்தானே? தலைக்குள் சுற்றி மூடினேன்.

பத்து நிமிடம் ஜோராக வெட்டியது. அப்புறம் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். நரம்பு வெளியே வரவில்லை, மூடியும் திறக்கவில்லை. உருகி ஒட்டிவிட்டது. முழுத் தலையையும் கழற்றிப் புதிது போட வேண்டும்.

கடையில் விற்கும் தடித்த நரம்பைத்தான் போட வேண்டுமாம். இதை ஏன் முதலிலேயே தேடிப் பார்க்கவில்லை நான்?

ஜனவரி 8, புதன்

கழலவில்லை.

ஜனவரி 9, வியாழன்

முப்பது செகண்ட் வீடியோ ஒன்றை நம்பி இடப்பக்கமே திருகிக்கொண்டிருந்தோம். பைப் ரெஞ்சு போட்டு, அதன் மேல் ராக்கு ஏறி நின்றே விட்டாள். தலையில் ஒரு ஓரம் பிளந்ததுதான் மிச்சம்.

சரியாக அந்த நேரம் பார்த்து வந்தான்.

“ஏ பிள்ள, புல்லு வெட்டச் சொன்னா மிஷின் கழுத்தத் திருகிட்டு இருக்கீகளா? கபடி இல்லன்னு தொண்டிக்குப் போனப் போட்டுறவா?”

“பன்னெண்டாம் தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல மச்சான்.”

“இருக்கு, இருக்கு. அதுக்குள்ள மோட்டாரயும் பிரிச்சுப் போட்டுரு.”

போட்டோ எடுத்து கிளப் குரூப்பில் போட்டுவிட்டான். ‘மிஷினை உடைத்த இஞ்சினியர் முருகேஸ்வரி அம்மாவுக்கு வாழ்த்துகள்.’ பதினான்கு பேர் சிரித்திருக்கிறார்கள். பதினான்கு பேரையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

இந்தியில் ஒரு ஆள் இதே மாதிரி மிஷினைக் கழற்றுகிறார். பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. வீடியோவைக் கால் மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் திருப்புகிறார்!

லெப்ட் த்ரெட். ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று மரையை மாற்றி வெட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ரெண்டு நாளாக நான் செய்தது? இறுக்கியிருக்கேன். ஏறி நின்னு இறுக்கியிருக்கேன். ஐயோ.

துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே அடித்து வலப்பக்கம் திருப்பினேன். அசையவே இல்லை. ராக்குவின் எடை அப்படி.

ஜனவரி 11, சனி

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரும்பறுக்கும் ஆக்சா பிளேடால் தலையை அறுத்தேன். ஒரு மணி நேரம். பிளாஸ்டிக் ரெண்டாகப் பிளந்தது. மேலே என் வெள்ளைத் தங்கூசி, பாதி கருகியிருந்தது. அதற்கு அடியில், நரம்பு சுற்றத் திறந்தபோது கண்ணில் படாத ஆழத்தில், கல் மாதிரி ஒரு கட்டி. உருகி, இறுகி, அச்சோடு ஒட்டிக்கொண்டு.

பச்சை.

நான் பச்சையில் சுற்றவே இல்லை. இந்த ஊரில் பச்சைத் தங்கூசி யாரிடம் இருக்கிறது? ஞாயிறு தவறாமல் தொண்டிப் பாலத்தில் தூண்டில் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிற மச்சானிடம்.

அப்ப தெரிஞ்சேதான் குடுத்திருக்கான். அவனே கெடுத்துட்டு, அத என் தலையில கட்டி, போட்டோவும் எடுத்து... எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பிளேடு கையில இருந்தப்ப அவன் வரல, நல்லவேளை.

அழவில்லை. அச்சு சுற்றாமலிருக்க அதன் பக்கத்திலிருந்த ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகினேன். அறுத்த தலையில் மிச்சமிருந்த இரும்பு நட்டில் ஸ்பேனரைப் போட்டு வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினேன். டக்! கட்டியோடு கழன்று வந்தது, அவ்வளவுதான். ராக்கு ராமநாதபுரத்தில் வாங்கி வந்த புதுத் தலையை இடப்பக்கம் திருகினேன். கையாலேயே ஏறியது.

“அந்தக் கட்டிய குரூப்புல போடுடி,” என்றாள்.

போட மாட்டேன். நேரில்.

ஜனவரி 12, ஞாயிறு

விடிந்ததிலிருந்து வெட்டினோம். உள்ளங்கைக் கொப்புளத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

சாயங்காலம் கமிட்டியோடு வந்தான். வெட்டாத இடம் தேடி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். கிடைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அந்தக் கட்டியை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

“இது யாரோடது மச்சான்?”

“எங்கன கெடந்துச்சு?”

“மிஷினுக்குள்ள.”

“அப்பப் பழசா இருக்கும்.”

“ஆமா, பழசுதான். நான் போட்டது வெள்ள.”

கமிட்டியில் வயதானவர் வேல்ராஜ் மாமா கட்டியை வாங்கிப் பார்த்தார். “ஏலே, ஒன் தூண்டிலு மீனத் தவிர எல்லாத்தயும் புடிக்குதுடா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும்.

பெண்கள் கபடி உண்டு.

ஜனவரி 16, வியாழன்

தோற்றோம். 19–31. ஜெயசுதா என்னை மூன்று முறை தொட்டாள். நான் அவள் கணுக்காலை ஒரு முறை பிடித்தேன். விடவே இல்லை! “கை என்ன இரும்பா?” என்று எழுந்து மண்ணைத் தட்டினாள்.

அதோடு நோட்டை மூடியிருக்கலாம். ஆனால் முடிவில் மைக்கைப் பிடித்தவன் அவன். ‘மைதானத்தைச் சீர் செய்த கமிட்டியாருக்கு நன்றி.’ என் பெயரும் இல்லை, ராக்கு பெயரும் இல்லை. வெக்கமே கெடையாதா இவனுக்கு?

ஜனவரி 18, சனி

காலையில் கிளப் குரூப்பில் அவன் மெசேஜ். வேல்ராஜ் மாமா திட்டினாரோ, என்னவோ.

‘புல் வெட்டும் மிஷின் இனி முருகேஸ்வரி வீட்டில் இருக்கும். அவளைக் கேட்காமல் யாரும் கை வைக்க வேண்டாம், நான் உட்பட.’

ஒரு கட்டைவிரல் போடக்கூட மனசு வரவில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.